சிப் முதலில், ஊசி பிறகு!

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவக் குழுவின் பதில்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: வைகாசியில் மகளோடு ஜெர்மனி போகிறோம். எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது. செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தின முகாமில் ஊசி போட்டாயிற்று. இனி தோலுக்கடியில் செலுத்தும் அடையாள மைக்ரோசிப் மட்டும் வைத்தால் போதுமா?

போதாதும்மா. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் சிப் வைப்பதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி போடாத ஊசிதான். எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அத்தாட்சி அந்தச் சிப் எண்தானே! 15 இலக்க எண் உள்ள, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்துக்கு ஏற்ற சிப் வைத்து, ஸ்கேனரில் எண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே நாளில்கூட மறுபடி ஊசி போடலாம். முகாம் ஊசியும் வீணில்லை, புதிய ஊசி அதன் மேல் பூஸ்டராக வேலை செய்யும்.

ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அதன் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) அனுப்ப வேண்டும். அதில் ரேபிஸ் எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இந்தியாவிலிருந்து போகிற பிராணிக்கு, ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் ஆன பிறகே உள்ளே அனுமதி. ஜனவரி 5-ல் சிப்பும் ஊசியும், பிப்ரவரி 5-ல் ரத்தம் என்றால், மே 5-க்கு முந்தைய தேதிக்கு டிக்கெட் போடாதீர்கள். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் வைகாசிப் பயணம் கையைவிட்டுப் போகலாம்.

அளவு 0.5-ஐத் தொடாவிட்டால் திரும்ப ஊசி, திரும்ப 30 நாள், திரும்ப மூன்று மாதம். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட நாய்தான் இதில் மாட்டும். மருந்து கெட்டிருந்தாலும் இதே கதிதான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தைக் கடையில் வாங்கி, பங்குனி வெயிலில் பைக்கில் கொண்டுபோனால் வீரியம் போய்விடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் போச்சு. தெர்மகோல் பெட்டியில், ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துணி வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சர்வசாதாரணம். நாய் சோர்ந்திருந்தால் முதலில் அதைக் குணப்படுத்திவிட்டு ஊசிக்குப் போங்கள்.

'ஊசி போடப்பட்டது' என்று மட்டும் எழுதிய முகாம் சீட்டு செல்லாது. சிப் எண், சிப் வைத்த தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் ஸ்டிக்கர், செல்லுபடியாகும் காலம், மருத்துவரின் பதிவு எண் எல்லாம் வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதானால், சிப்பும் ஸ்கேனரும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் தேறிய பிறகு பூஸ்டர் தேதியைத் தவறவே விடாதீர்கள். ஒரு நாள் தள்ளினாலும் மொத்தமும் முதலிலிருந்து.

கடைசிக் கட்டமான சான்றிதழ் வாங்குவது சென்னையில். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் திருச்சியில் இல்லை. ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழ் கையெழுத்தான 10 நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் இறங்க வேண்டும். நாய் தனியாகப் போவதானால், உங்கள் பயணமும் அதன் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருக்கட்டும்.

மயிலாடுதுறை வாசகர்: பட்டறையில் செய்த கம்பிக் கூண்டில் அனுப்பலாமா?

கம்பி வலைக் கூண்டை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. கெட்டியான ஃபைபர் பெட்டி வாங்குங்கள், அல்லது ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் செய்யுங்கள். அளவு இப்படி: மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை நீளம், அதோடு தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதி. 75 செ.மீ. நீளம், 32 செ.மீ. முழங்கை உயரம் என்றால் பெட்டி 91 செ.மீ. அகலம் தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, 20-க்கு 40. நின்றால் காது நுனி கூரையில் இடிக்கக் கூடாது. கீழே விரிக்கும் மெத்தையின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு 10 சதவீதம் கூடுதல். ஆனால் அவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன, முதலில் அதைக் கேளுங்கள்.

ஃபைபர் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரும்பு நட்டு போல்ட் மாட்டுங்கள். சக்கரம் இருந்தால் கழற்றுங்கள். வைக்கோல் மட்டும் வேண்டாம்: நம்மூரில் அதுதான் கைக்குக் கிடைக்கும், பல நாடுகள் அதை உள்ளே விடுவதில்லை. உறிஞ்சும் பேட் போட்டு, மேலே பழைய வேட்டியை விரியுங்கள். இரண்டு மாதம் முன்பே கதவைக் கழற்றிப் பெட்டியை வீட்டில் போட்டு, சோறு அதற்குள்ளேயே வையுங்கள். விமான நிலையத்தில்தான் நாய் முதல்முதலாகப் பெட்டியைப் பார்த்தால் பல்லாலும் நகத்தாலும் கதவைப் பிய்க்கும்.

மன்னார்குடி வாசகி: தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் குறையும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையும், நிற்க முடியாமல் சாயும். மயக்கத்தில் இருக்கிற பிராணியை ஏற்றவும் மாட்டார்கள். புறப்பட நாலைந்து மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள். பெட்டியில் மாட்டும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, முதல் நாள் இரவே ஃப்ரீசரில் உறைய வைத்தால், சிந்தாமல் கரையக் கரைய நக்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் இரவு விமானமாகப் பாருங்கள். சென்னைக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: பத்து வருடமாக வளர்க்கும் பச்சைக்கிளியைச் சிங்கப்பூர் கொண்டுபோகலாமா?

முடியாது. பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. கொண்டுபோவது இருக்கட்டும், வீட்டில் வளர்ப்பதே குற்றம். கிளியோடு பழகிய பாசம் எங்களுக்கும் புரிகிறது; ஆனாலும் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. நீங்களே திறந்து பறக்கவிடாதீர்கள், பத்து வருடம் கூண்டில் இருந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது.