கடையில் வாங்கி வரும் ஒப்படை

கேள்வி: தரம் 10க்கு 'வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பமும்' படிப்பிக்கிறேன். பட்டறை இல்லை, சில கைவாளும் சுத்தியலும்தான் உண்டு. ஒப்படை கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் காசு கொடுத்துச் செய்வித்த மாதிரி வீடுகளோடு வருகிறார்கள். எப்படித் தடுப்பது?
– ஓர் ஆசிரியர், நிலாவெளி

பதில்: தம்பி, தடுக்கப் போகாதீர்கள். காசுக்குக் கிடைக்காத ஒப்படையைக் கொடுங்கள். மாதிரி வீடு எங்கேயும் வாங்கலாம். உங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் மீன்காரருக்கு ஏற்ற பெட்டியை எங்கே வாங்குவது?

நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளை முதலில் அப்படி ஒரு மீன்காரரிடம்தான் அனுப்பினேன். பெட்டியையும் கரியரையும் அளந்தார்கள். அப்புறம், "உங்களுக்கு இதில் என்ன கஷ்டம், ஐயா?" என்று கேட்டார்கள். மீன் தண்ணீர் வழிந்து செயின் துருப்பிடிக்கிறது, வெயில் ஏறுவதற்குள் ஐஸ் கரைந்துவிடுகிறது என்றார். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

வகுப்புக்கு வந்து முன்னால், பக்கத்தால், மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம் வரைந்தார்கள். உடனே பலகையைத் தொட விடவில்லை. பலசரக்குக் கடைக் காட்போட் பெட்டிகளை வெட்டி, உண்மையான அளவிலேயே ஒட்டிக் கரியரில் வைத்துப் பார்த்தோம். உயரம் கூடிவிட்டது, காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. பலகையில் செய்திருந்தால் மரம் வீணாகியிருக்கும். காட்போட் என்பதால் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு வெட்டிக் குறைத்தார்கள். பட்டறை இல்லாத பள்ளிக்கூடத்திலும் இவ்வளவும் செய்யலாம்.

ஐஸுக்கு ஒரு சோதனை வைத்தோம். ஒரே அளவுப் பெட்டி இரண்டு, ஒன்றுக்கு உள்ளே ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத் தகடு. இரண்டிலும் ஒரே நிறை ஐஸ் போட்டு, மூடி, வெயிலில் வைத்தோம். ஒரு மணித்தியாலம் கழித்து உருகிய தண்ணீரை அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரெஜிபோமுக்குள் அடைபட்ட காற்றுத்தான் வெப்பத்தைத் தடுக்கிறது என்பதை அப்போது சொன்னால் மறக்க மாட்டார்கள். செயின் வலப்பக்கம் இருப்பதால் மீன் தண்ணீர் வடியும் குழாயை இடப்பக்கம் இறக்க வேண்டும் என்பதை ஒரு மாணவிதான் சொன்னாள். எங்கள் கடற்காற்றுக்கு வெறும் இரும்பு ஆணி நிற்காது, துத்தநாகம் பூசிய கல்வனைஸ் ஆணி எடுங்கள்.

புள்ளியை முடிந்த பொருளுக்கு மட்டும் போடாதீர்கள். முதல் படம், மாற்றிய படம், சோதனைக் குறிப்பு எல்லாவற்றுக்கும் போடுங்கள். "இதை ஏன் மாற்றினாய்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் வாயால் கேளுங்கள். செய்வித்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்காது.

வாள் குறைவென்றால் ஒரு குழு வெட்டட்டும், மற்றவர்கள் வரையட்டும். மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் மட்டும் யாரையும் வெட்ட விடாதீர்கள்.

கேள்வி: மகள் 'வடிவமைப்பு, மின், இலத்திரனியல் தொழினுட்பம்' எடுக்க ஆசைப்படுகிறாள். படிப்பு வராத பையன்களின் பாடம் என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு தாய், கிண்ணியா

பதில்: அது தவறான பேச்சு, சகோதரி. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவே தொடங்கிவிட்டார்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்ப பீடமும் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டதை எடுக்கட்டும். மின்னை அளக்கும் மல்டிமீற்றர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பற்றரியில் வேலை செய்கிறவற்றைக் கழற்றிப் பார்க்கட்டும், 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் மட்டும் தனியாகக் கை வைக்க விடாதீர்கள்.