வாசகர் கேள்வி: ரன்மாவும் அக்கானேவும் ஏன் சேரவில்லை?

கேள்வி: 'ரன்மா ½' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் (மங்கா) 38 தொகுதிகளையும் படித்து முடித்தேன். ஒரே வீட்டில் வாழும் ரன்மாவுக்கும் அக்கானேவுக்கும் கடைசிவரை திருமணம் ஆகவில்லையே. இது ஏமாற்றம் அல்லவா?

பதில்: எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. ருமிக்கோ தகஹாஷி 1987 முதல் 1996 வரை 'ஷோனென் சண்டே' வார இதழில் வரைந்த இத்தொடரில், தோக்கியோவின் நெரிமா பகுதியில் உள்ள தெந்தோ வீட்டுக்கு வந்துசேரும் 16 வயது ரன்மா, குளிர்ந்த நீர் பட்டால் பெண்ணாகவும் வெந்நீர் பட்டால் மீண்டும் ஆணாகவும் மாறுகிறான்; அவனுக்கும் அவ்வீட்டு மகள் அக்கானேவுக்கும் நிச்சயம் செய்தவர்களோ அவர்களுடைய தந்தையர். தாங்கள் கேட்காத உறவை ஏற்க மறுக்கும் இருவர், ஒரே கூரையின் கீழ் சண்டையிட்டபடியே ஒருவரையொருவர் அறிந்துகொள்வதுதான் கதை.

தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை மீண்டும் பாருங்கள். ரன்மாவும் அவனுடைய போட்டியாளன் ரியோகாவும் மோதும்போது, மருத்துவர் தோஃபுவின் மீதிருந்த சொல்லாத அன்பினால் அக்கானே ஆசையாக வளர்த்த நீண்ட கூந்தல் அறுபட்டு விழுகிறது. பின்னர், குட்டை முடிதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ரன்மா தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அந்த ஒரு வரியில் இருக்கும் பரிவை எந்தத் திருமணக் காட்சியும் மிஞ்சிவிடாது என்பதே என் எண்ணம்.

இறுதி அத்தியாயத்தில் மணமேடை வரை வந்து கலைகிறது திருமணம். ஆனால் மறுபடியும் இருவரும் சேர்ந்தேதான் பள்ளிக்கு ஓடுகிறார்கள்.