பழைய பேட்டரி எங்கே?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 14 மாதங்களுக்கு முன் திருச்சியில் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கினேன். ரிவர்ஸ் கேமரா, பாட்டுக் கேட்கும் பெட்டி எல்லாம் பொருத்தி ஆசையாக வைத்திருந்தோம். கல்யாணம் காட்சிக்கு மட்டும்தான் எடுப்போம். ஐந்தாவது மாதத்திலிருந்து சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ சத்தம்தான். நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். நான்கு முறையும் சரியாகிவிட்டது என்று திருப்பித் தந்தார்கள். வைகாசியில் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற கார் பிறகு கிளம்பவே இல்லை. தாய்மாமனாகிய நான் மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அடுத்த வாரமே மன்னார்குடி எலக்ட்ரீஷியனிடம் வேறு பேட்டரி போட்டுக்கொண்டேன். இரண்டு மாதமாக ஓடுகிறது. புதுக் காரும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா? ஷோரூம் வாசலுக்கு மாடு கட்டிக் காரை இழுத்துப் போகலாம் என்கிறான் என் மகன்.

பதில்: தாய்மாமன் வருவதற்குள் தாலி கட்டியது உங்கள் குடும்பத்தில் பத்து வருஷம் பேசப்படும். நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவில் அது ஒரு வரி. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது: ‘வேறு பேட்டரி போட்டுக்கொண்டேன்.’ பழைய பேட்டரி எங்கே?

எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருப்பீர்கள். கடைக்காரர் சில நூறு ரூபாய் கழித்திருப்பார். பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடம் ஒப்படைப்பது 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையான காரியம்தான். ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்க்கு உங்கள் வழக்கின் ஒரே சாட்சியை விற்றுவிட்டீர்கள். இந்நேரம் அதன் ஈயம் உருகியிருக்கும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, பொருளில் உள்ள குறையைச் சோதனையின்றி நிர்ணயிக்க முடியாதபோது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. உங்களிடம் அனுப்ப மாதிரி இல்லை. காரை அனுப்பலாம் என்பீர்கள். அது இப்போது நன்றாக ஓடுகிறதே! பேட்டரி மாற்றியதும் கோளாறு போனது என்றால் காரில் குறையில்லை என்று நீங்களே நிரூபித்துக் கொடுத்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதிடுவேன்.

புதுக் கார் கேட்பதை மறந்துவிடுங்கள். வாரன்டியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது பழுதான பாகத்தை மாற்றித் தருவதை மட்டுமே, காரையே மாற்றித் தருவதை இல்லை என்று 2006-இல் கிளட்ச் பழுதான ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பிலேயே குறை என்று வல்லுநர் அறிக்கை கையில் இருப்பவரே காரைத் திரும்பக் கொடுப்பதைப் பற்றிப் பேச முடியும்.

அடுத்தது, நான்கு முறையும் சர்வீஸ் சென்டரில் செய்த வேலையை எழுதித் தந்த ஜாப் கார்டுகள். எடுத்துப் பாருங்கள். ‘பேட்டரி சார்ஜ் செய்யப்பட்டது’ என்று இருக்கும். அடியில் ‘வேலை திருப்தி’ என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் விழும் பள்ளம் இதுதான். சாவியைக் கையில் வாங்கும் அவசரத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த அட்டையில் எண்கள் இருந்திருக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய பிறகும் கார் இழுக்கும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்கும். அது 300 ஆகிவிட்டால் பேட்டரியிலிருந்து ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து நாளில் எஞ்சினைச் சுற்றத் திணறும். இந்த மூன்று அளவுகளும் நான்கு அட்டைகளில் ஒன்றிலாவது இருந்தால் உங்கள் வழக்குக்கு உயிர் இருக்கிறது. சொல்லக் கேட்டேன் என்பது செல்லாது.

அவர்களுடைய பதிலுரையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடோமீட்டரைக் காட்டி, ஓடாமல் நின்றதால் பேட்டரி இறங்கியது என்பார்கள். நீடாமங்கலம் கேட்டில் காத்திருந்த நேரமெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு ஓடியதா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அந்தக் கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? எலியும் வரும். ஒரத்தநாட்டுக் கட்சிக்காரர் ஒருவர் வயரிங் கோளாறு என்று வழக்குப் போட்டார். ஆணையம் அனுப்பிய வல்லுநர் பானட்டைத் திறந்தால் உள்ளே நெல் உமி, வயரில் பல் தடம். சம்பா அறுவடை முடிந்து வயலைவிட்டு வந்த எலி. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

பாபநாசத்துக்காரர் ஒருவர் பழைய பேட்டரியைக் கொடுக்க மறுத்து, அதன் வரிசை எண்ணைப் படமெடுத்து, தேதியோடு மின்னஞ்சல் அனுப்பி, வீட்டிலேயே வைத்திருந்தார். நோட்டீஸ் போன பத்தாம் நாள் நிறுவனமே பேச வந்தது.

வழக்குப் போட்டே தீருவேன் என்றால் திருவாரூரிலேயே போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டாம். பேட்டரிக்குப் பெரும்பாலும் தனி வாரன்டி இருக்கும். பேட்டரியைத் தயாரித்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காவிட்டால் கார்க்காரர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார். இரண்டு ஆண்டுக் காலக்கெடுவை முதல் கோளாறிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் 15 மாதங்கள்தான். நோட்டீஸ் அனுப்புவதால் அது நீளாது.

ஆனால் என் யோசனை சமரசம். புது பேட்டரி பில் தொகை, செலவுக்குச் சில ஆயிரம், ஓர் இரவு முழுக்கக் காரை நிறுத்தி மின் கசிவை அளந்து எழுத்தில் தருவது, மின்பாகங்களுக்கு ஓர் ஆண்டுக் கூடுதல் வாரன்டி. இவ்வளவு கேளுங்கள். பணம் தரும்போது ‘அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற தாளை நீட்டுவார்கள். ‘இந்தப் பேட்டரி தொடர்பாக மட்டும்’ என்று திருத்தி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு ஆல்டர்னேட்டர் போனாலும் அந்தத் தாளையே காட்டுவார்கள்.

மகனிடம் மாட்டைக் கொட்டகையிலேயே விடச் சொல்லுங்கள். ஓடுகிற காரை மாடு கட்டி இழுத்தால் அவதூறு என்று அவர்கள் உங்கள் மேல் திரும்புவார்கள்.

கேமராவும் பாட்டுப் பெட்டியும் எங்கே பொருத்தியவை என்று நீங்கள் எழுதவில்லை. ஷோரூமில் என்றால் அந்த பில்லை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். வெளியில் வயரை வெட்டி ஒட்டிப் பொருத்தியது என்றால், கோளாறுக்கு அதையே காரணம் காட்டுவார்கள்; பேட்டரி பில்லில் பாதி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.