நெட்ஹேக்கில் இறப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களாக, அலுவலகம் முடிந்து வந்தபின் லினக்ஸ் கணினியில், எல்லாமே எழுத்துகளாகத் தெரியும், செத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டிய நெட்ஹேக் என்ற பாதாள ஆட்டத்தை ஆடிவருகிறேன். சென்ற வாரம், நான் இதுவரை வளர்த்தவற்றிலேயே வலிமையான வால்கிரி என்ற வீராங்கனை, ஃப்ளோட்டிங் ஐ என்ற மிதக்கும் கண் ஒன்றை வாளால் வெட்டப்போய், உறைந்து நின்று செத்துப்போனாள். திரையில் இருந்த ஓர் எழுத்துக்காக அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. செத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் கோப்பைப் பிரதியெடுத்து வைக்கலாம் என்று பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது. அதற்கு வழி என்ன? அப்படிச் செய்வது தவறா? இந்த ஆட்டத்துக்கு லினக்ஸ் வகைகளில் டெபியன் நல்லதா, ஃபெடோரா நல்லதா? படங்களோடு ஆடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டெபியனா ஃபெடோராவா என்பது இங்கே ஒரு கேள்வியே அல்ல. முனையம் என்ற எழுத்துத் திரையைத் திறக்கிற எந்தக் கணினியும் போதும். படங்கள் உங்கள் விருப்பம். சாப்பாடு இறங்காததற்கு மட்டும் வெட்கப்படாதீர்கள். மூன்று மாத மாலைகளை, ஆடுபவரைக் காட்டும் ஒரு ‘@’ குறியில் வைத்திருந்தீர்கள். அது போனால் வலிக்கத்தான் செய்யும்.

சேவ் கோப்புக்கு வருகிறேன். நெட்ஹேக்கின் முதல் பதிப்பு 1987இல் வந்தது. அதற்கு மூதாதையான ரோக், 1980 வாக்கில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் எழுதியது. ஒரே யூனிக்ஸ் கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. மதிப்பெண் பட்டியலும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்தப் பட்டியலிலும் சேவ் கோப்பிலும் யாரும் கைவைக்காமலிருக்க, ஆட்டத்தின் கோப்புகளைக் கணினியில் ஒரு தனிப் பயனர் குழுவின் உரிமையில் வைத்தார்கள். டெபியன் அந்த ஏற்பாட்டை இன்றும் காப்பாற்றுகிறது. உங்கள் கணினியில் நீங்களே ரூட், அதாவது எல்லா அனுமதியும் உள்ள பயனர், என்பதால் அதைத் தாண்டுவது பெரிய வேலையல்ல. ஆனால் அந்த வழியை நான் சொல்லித் தரப்போவதில்லை.

2011இல் என் தந்தை பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். இரவில் துணைக்கு நான் இருந்தேன். விளக்கை அணைத்துவிடுவார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மடிக்கணினியில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நெட்ஹேக் ஆடுவேன். திரை முழுக்க எழுத்துகளாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “இந்த நேரத்துல என்னடா எழுதிக்கிட்டிருக்க?” என்று கேட்டார். ‘@’ குறியைக் காட்டி, இதுதான் நான் என்றேன். அதன்பின் தினமும் காலையில் கண் விழித்ததும், “இருக்கியா, போயிட்டியா?” என்று விசாரிப்பார்.

அந்த நாட்களில் வேறு எந்த ஆட்டத்தையும் என்னால் ஆடியிருக்க முடியாது. தண்ணீர் கேட்பார், எழுந்து போவேன். செவிலியர் வருவார், மருந்துக் கடைக்கு ஓடுவேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பினால், என் மேல் பாயவிருந்த நரி, ‘d’ என்ற எழுத்தாக, நின்ற கட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நான் ஒரு விசையை அழுத்தும்வரை அந்தப் பாதாளத்தில் பொழுது நகராது.

ஒன்பதாம் இரவு அவர் கூப்பிட்டார். உடனே எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை; நடைவழியின் முடிவுவரை போய்விடலாம் என்று வலப்பக்கம் நகர்த்தும் ‘l’ விசையைத் தடதடவென்று நாலைந்து தடவை தட்டினேன். கறுப்புத் திரையில் கண்ணுக்கே எட்டாத கருநீலத்தில் ஒரு ‘e’, அதாவது ஃப்ளோட்டிங் ஐ, வழியில் இருந்திருக்கிறது; அதன்மேல் மோதினால் அடித்ததாகிவிடும். எழுந்துகொண்டே திரும்பிப் பார்த்தால் கல்லறை. ஒரு நரியால் கொல்லப்பட்டதாகவும், அப்போது நான் செயலற்றிருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது.

காலையில், “போயிட்டேன்பா” என்றேன்.

“எது அடிச்சுது?”

“அது அடிக்கலப்பா. நான்தான் அதை அடிச்சேன்.”

நண்பரே, உங்கள் வால்கிரியின் கதையும் இதுதான். ஃப்ளோட்டிங் ஐ தானாக யாரையும் தாக்காது. நீங்கள் 12 அடி வைக்கும் நேரத்தில் அது ஓர் அடி நகரும். பார்வையுள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அதை அடித்தால்தான் ஆபத்து. அதன் பார்வையில் உறைந்துபோனால், ஒரு நகர்வுக்கு ஒரு முறை என்ற கணக்கில், 127 முறைகள் வரைகூட அசைய முடியாது; அந்த நேரத்தில் ஓர் எலியே உங்களைத் தின்று முடித்துவிடும். அது என்னவென்று தெரியாவிட்டால் அரைப்புள்ளி விசையை அழுத்தி, குறியை அதன்மேல் கொண்டுபோய்க் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதற்கு ஒரு முறைகூடச் செலவாகாது. இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு பகையும் ஓர் அடி நெருங்காது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிற ஆட்டத்தில் நீங்கள் எதற்காக அவசரப்பட்டீர்கள்? அவசரத்தை விட மனமில்லாமல், அதன் விளைவை மட்டும் பிரதிக் கோப்பால் துடைத்துவிடப் பார்க்கிறீர்கள். பிரதி கைவசம் இருந்தால் அரைப்புள்ளியை நீங்கள் ஒருபோதும் அழுத்தப்போவதில்லை. அடுத்த கருநீல ‘e’யையும் வெட்டுவீர்கள், கோப்பை மீட்பீர்கள், மறுபடி வெட்டுவீர்கள். சாகாமல் பாதாளத்தைச் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால், அதற்கென்றே ஆட்டத்துக்குள் எக்ஸ்ப்ளோர் மோடு இருக்கிறது. சாவு வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மதிப்பெண் மட்டும் பதிவாகாது. அது நேர்மையான வழி, அதில் போங்கள்.

இல்லையென்றால் புதிய வால்கிரியோடு தொடங்குங்கள். எறிவதற்கு அவளிடம் முதலில் ஒரே ஒரு குத்துவாள்தான் இருக்கும். வழியில் கிடைக்கும் குத்துவாள்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீல ‘e’ தெரிந்தால் விலகி நின்று ஒவ்வொன்றாக எறியுங்கள். செத்ததும் ஆறவிடாமல் அந்த உடலைத் தின்றுவிடுங்கள். டெலிபதி கிடைக்கும், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டால் அந்தத் தளத்தில் மனமுள்ள உயிர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தெரியும். அன்றைக்கு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.