ஸ்டீலும் ஆசிடும்: கேள்வி பதில்

பிக்லிங் டேங்க், அதான் ஸ்டீல ஆசிட்ல முக்கி மேல்பக்கத்த சுத்தம் பண்ற தொட்டி, அது பக்கத்துலயே பன்னெண்டு வருஷம் ஓட்டுனவன் நான், எவர்சில்வர், ஆசிட் பத்தி என்ன வேணா கேளுங்க.

கே: அண்ணே, புளிக்கொழம்பு வச்சா ஒண்ணும் ஆகல, பாத்ரூம் ஆசிட் ரெண்டு சொட்டு சிங்க்ல பட்டதும் புள்ளி புள்ளியா கருத்துருச்சு, ஏன்?

ப: பாத்ரூம் ஆசிட்னா ஹைட்ரோகுளோரிக் தம்பி, அதுல இருக்கிற குளோரைடு தான் வில்லன். ஸ்டீல் மேல குரோமியம் ஆக்சைடு தோல் ஒண்ணு இருக்கும், கனம் ரெண்டு மூணு நானோமீட்டர் தான், கீறுனாலும் காத்து பட்டா தானா மூடிக்கும், அதுக்குத் தான் குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் வேணும்ங்கறது. குளோரைடு அந்தத் தோல்ல வீக்கான எடமா பாத்து எறங்கிரும், எறங்குன குழிக்குள்ள கரையிற இரும்பும் குரோமியமும் தண்ணியோட சேந்து இன்னும் ஆசிட் ஆக்கும், மேல பாத்தா குண்டூசி முனை, உள்ள சொத்தைப்பல்லு. விழுந்த குழி விழுந்தது தான். எங்க வீட்ல ஊறுகாய பீங்கான் ஜாடிய விட்டு ஸ்டீலுக்கு மாத்தாததும் இதுக்குத் தான், புளிப்போட உப்பும் மாசக்கணக்குல கெடக்கும்ல.

கே: அப்ப ஸ்டீல நைட்ரிக் ஆசிட்ல முக்குறாங்களே சார், அது மட்டும் ஏன்?

ப: அது ஆக்சிஜன ஏத்துற ஆசிட், தோல கெட்டியாக்கும். 20 சதவீதத்துக்கு மேல, அறை சூட்டுல அரை மணி நேரம், மேல ஒட்டிருக்கிற இரும்புத்தூளையும் கரைச்சிரும். சாதா இரும்பே அடர் நைட்ரிக்ல போட்டா கம்முனு கெடக்கும், தண்ணி கலந்த நைட்ரிக்ல பொங்கும், 1836லயே விஞ்ஞானி ஃபாரடே இத நோண்டிருக்காரு. இப்ப சிட்ரிக்லயும் பண்றாங்க, புகை இல்ல, எனக்கு அது தான் புடிக்கும்.

கே: வெல்டு ஓரத்துல சூட்டுல நீலக்கலர் வந்துருக்கு, பஃப் அடிச்சு பாலிஷ் போட்டா போதுமா?

ப: போதாது. நீலத்துக்கு அடியில குரோமியம் கொறஞ்ச மெல்லிசு லேயர் இருக்கு, அதையும் எடுக்கணும். ஒரு பால் டேங்க்ல உள்பக்கம் வெறும் பஃப் அடிச்சு அனுப்பிட்டாங்க, ஆறே மாசத்துல வெல்டு கோடு நெடுக தேயிலைக் கறை மாதிரி துரு, திரும்பி வந்தத நான் தான் வழிச்சேன். அந்த லேயர எடுக்கப் பூசுற பிக்லிங் பேஸ்ட்ல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும், வலிக்கறதுக்கு முன்னாடியே நம்ம தோலுக்குள்ள போயிரும், அதுக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்துல இல்லாம மூடியத் தொறக்காதீங்க.

கே: காந்தம் ஒட்டல, அப்ப நல்ல 304 கிரேடு ஸ்டீல் தானே?

ப: 202 கிரேடுலயும் ஒட்டாதுங்க, அது நிக்கலக் கொறச்சு மாங்கனீசு போட்டது. பில்ல பாக்காம டெஸ்ட் சர்டிபிகேட்ட கேளுங்க.