போவும் புட்டியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். பெருங்குடிகாரர், அரைப் பைத்தியம் என்கிறார்கள். அப்படி வாழ்ந்தால்தான் அப்படி எழுத வருமோ? அம்மா போனபிறகு நானும் ராத்திரியெல்லாம் விழித்து எழுதுகிறேன். அடுத்து அவருடைய எந்தக் கதையை வாசிக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

அம்மாவைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். போவின் அம்மா நாடக நடிகை. 1811இல் அவர் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

மற்றபடி உங்கள் கடிதம் எரிச்சல் மூட்டியது. இந்தக் குடிகாரன் கதையை ஊதிப் பெருக்கியவர் அந்தக் காலத்து இதழாசிரியர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். 1849 அக்டோபர் 7 அன்று போ பால்டிமோரில் இறந்தார். இரண்டே நாளில் இந்த ஆள் புனைபெயரில் ஒரு அஞ்சலி எழுதினார். இந்தச் சாவுக்காக வருந்துபவர்கள் சிலர்தான் என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அஞ்சலியாம்! அப்புறம் போவின் நூல்களைத் தொகுத்தவரும் அவரே. போவின் கடிதங்களில் கைவைத்து, தனக்கு வேண்டியதைச் சேர்த்து அச்சிட்டார். அந்தத் திருட்டுத்தனம் விரிவாக அம்பலமாக 1941 ஆகிவிட்டது.

போ குடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. குடித்தார், அதனால் கெட்டார். ஆனால் எழுதியது புட்டி இல்லை. எழுதியவர் ஒரு பத்திரிகை ஊழியர். ரிச்மண்ட், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று வேலை தேடி அலைந்து, அடுத்தவர் எழுத்தைப் படித்து, மதிப்புரை எழுதிக் காலம் தள்ளியவர். கிரஹாம்ஸ் இதழில் வருஷத்துக்கு 800 டாலர் சம்பளம். துப்பறியும் கதை என்ற வகையையே 1841இல் அங்கே வைத்துத்தான் தொடங்கினார். 1845இல் ‘அண்டங்காக்கை’ என்ற அவருடைய கவிதை வந்து ஊரெல்லாம் பேச்சானது. அதை எப்படிக் கட்டினேன் என்று அடுத்த வருஷம் ஒரு கட்டுரை எழுதினார். எத்தனை வரி, எந்த ஓசை, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று கொத்தனார் கணக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார். கொஞ்சம் அளக்கிறார்தான். இருக்கட்டும். 108 வரி, ஓரிடத்திலும் சந்தம் தட்டாது. தள்ளாடுகிற கைக்கு வருமா அது?

எனக்கு இருபது வயதில் ஒரு நண்பன் இருந்தான். போவைப் போலவே என்று சொல்லிச் சொல்லிக் குடித்தான். சம்பளம் வந்ததும் ஒரு புது நோட்டு வாங்குவான். அவன் போனபிறகு பெட்டியைத் திறந்தோம். ஒன்பது நோட்டு. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு மட்டும்.

கதை கேட்டீர்கள் இல்லையா? ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’. பகலில் வாசியுங்கள். ராத்திரி தூங்குங்கள்.