சர்வே எண் தவறாக விழுந்த கிரய ஒப்பந்தம் செல்லுமா?

செல்லும். நீங்கள் வாங்கப் பேசிய மனையின் சர்வே எண் 2பி; ஒப்பந்தத்தில் 2ஏ என்று தட்டச்சாகிவிட்டது. அதனாலேயே ஒப்பந்தம் செல்லாது என்று விற்பவர் சொல்வது சரியல்ல. இருவரும் ஒரே மனையைத்தான் பேசி முடித்தீர்கள் என்றால், தவறு எழுத்தில்தான், சம்மதத்தில் இல்லை. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963, பிரிவு 26 இதற்காகவே இருக்கிறது. நீதிமன்றம் ஆவணத்தைத் திருத்தலாம். அதே வழக்கிலேயே திருத்திய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரவும் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் விட்டுவிட்டுத் தவிக்கிறார்கள்.

விற்பவர் பிடித்துத் தொங்குவது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 20 ஆக இருக்கும். ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு உண்மையை இருவருமே தவறாக நம்பியிருந்தால்தான் அது செல்லாது. விலையைக் குறைத்துப் பேசிவிட்டேன் என்பது அந்தப் பிரிவின் விளக்கப்படியே தவறில் சேராது. ஒருவர் மட்டும் தவறாக நினைத்திருந்தாலும், அதனால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது (பிரிவு 22).

இன்றே ஒன்று பாருங்கள்: ஒப்பந்தத்தில் எழுதிய நான்கெல்லையும் பரப்பளவும் 2பி-யின் பட்டா, புல வரைபடத்தோடு பொருந்துகிறதா? பொருந்தினால் உங்கள் பக்கம் பலமானது. முதலில் பிழைத்திருத்தல் ஆவணம் போடச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஆனால் அவர் உண்மையிலேயே 2ஏ-வைத்தான் விற்க நினைத்திருந்தால் கதை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 13 சொல்லும் ஒருமித்த சம்மதமே அங்கே இல்லை. அப்போது மனை கிடைக்காது, கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாம். மூல ஆவணங்களை வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.